காரின் கூரை ஜன்னலும் காற்றின் கணக்கும்

ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால் நம் தென்காசிக்குத் தனி அழகு வந்துவிடும். மேற்கே மலை முழுவதையும் மேகம் மூடிக்கொள்ளும். வெயில் அடித்துக்கொண்டே தூறும். தூறிக்கொண்டே வெயில் அடிக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று, கொடியில் காயும் துணியைப் பறித்துக்கொண்டு போகும். காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் காற்றின் பலம் நன்றாகத் தெரியும். எந்த மதத்தைச் சேர்ந்தவரானாலும் அந்த வாசல் காற்றைப் பற்றிப் பேசாத தென்காசிக்காரர் இல்லை.

காற்று வந்தால் அருவியில் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் கூட்டம் வரும். குற்றாலம் போகும் கார்களை நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வீடு போய்ச் சேர்வது உண்டு. முன்பெல்லாம் வந்தவை கனத்த அம்பாசடர் கார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. இப்போது வரும் கார்கள் பலவற்றில் கூரையிலேயே ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அதற்குச் ‘சன்ரூஃப்’ என்று பெயர். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி பின்னுக்கு நகர்ந்து வானம் தெரிகிறது. அந்த ஜன்னலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

தோழியரே, “ஆண்டு மலரில் எழுத வேறு பொருள் கிடைக்கவில்லையா?” என்று நீங்கள் சிரிக்கலாம். பொறுமையோடு கடைசிவரை படியுங்கள். இதில் இயற்பியல் பாடமும் இருக்கிறது. என் மனத்தை இன்றுவரை உறுத்தும் ஒரு சம்பவமும் இருக்கிறது.

வீட்டில் எழுந்த விவாதம்

ஒரு சாரல் காலத்தில் சென்னையிலிருந்து என் மாமா புதுக் காரில் குடும்பத்தோடு வந்திருந்தார். மாமா, அத்தை, அவர்களுடைய ஏழு வயது மகன் ஆகிய மூவரும் வந்து இறங்கியதும் தெருப் பிள்ளைகள் எல்லாரும் காரைச் சுற்றி நின்றார்கள். மாமா பொத்தானை அழுத்திக் கூரையைத் திறந்து காட்டினார். எல்லாரும் ‘ஆ’ என்று வாயைப் பிளந்தோம்.

தாத்தாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. “கூரையில ஓட்டை போட்டா காத்து உள்ளே பூந்து வண்டியப் பின்னால இழுக்கும். பெட்ரோலக் குடிச்சிரும். பாராசூட்ட விரிச்ச மாதிரில்லா இருக்கு!” என்றார். மாமாவோ, “அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது மாமா. கம்பெனிக்காரன் யோசிக்காமலா வச்சிருப்பான்?” என்றார். அப்பா இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, “நீதான் அறிவியல் படிக்கியே, நீ சொல்லேன்!” என்று என் பக்கம் திரும்பினார். எனக்கு விடை தெரியவில்லை. தடை கூடும் என்று மட்டும் தோன்றிற்று. அதையே சொன்னேன்.

பள்ளி திறந்ததும் எங்கள் இயற்பியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் இதைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, “‘கூடும்’ என்பது பாதி விடைதான். எவ்வளவு கூடும்? அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வா” என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் ஒரே ஒரு வாய்பாட்டை எழுதினார். அதைக் கொண்டு நான் போட்ட கணக்குகளைத்தான் இங்கே தருகிறேன்.

காற்று ஏன் தடுக்கிறது?

காற்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதற்கு எடை உண்டு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டியில் அடங்கும் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. ஓடும் கார் இந்தக் காற்றை முன்னால் இடித்து, இருபுறமும் மேலும் கீழும் விலக்கிக்கொண்டே போக வேண்டும். முன்பக்கம் காற்று நெருக்கப்பட்டு அழுத்தம் கூடுகிறது. பின்பக்கம் காற்று உடனே வந்து சேர முடியாமல் சுழல்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. முன்னால் தள்ளுவாரும் பின்னால் இழுப்பாரும் சேர்ந்தாற்போல் காரை நிறுத்தப் பார்க்கும் இந்த விசைக்குத்தான் காற்றுத்தடை என்று பெயர்.

இதை அளந்து பார்த்தவர்களில் ஒருவர், பாரிஸ் நகரத்துக் கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஐஃபல். 1889-இல் கோபுரத்தைக் கட்டி முடித்த அவர், பிற்காலத்தில் அதன் மேலிருந்து தட்டுகளைக் கீழே விழச் செய்து காற்றின் தடையை அளந்தார். 1909-இல் கோபுரத்தின் அடியிலேயே காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்தும் ஆராய்ந்தார். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தடை உயர்கிறது என்பது அவருடைய அளவீடுகளிலும் தெரிந்தது. அதாவது, வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை வென்று ஓட எஞ்சின் தர வேண்டிய திறனோ எட்டு மடங்காகும்.

இந்த எட்டு மடங்குக் கணக்கு நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் நிற்கும் காற்றாலைகளும் இதே கணக்கில்தான் சுழல்கின்றன. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதில் அடங்கிய திறன் எட்டு மடங்காகிறது. காற்றாலை காற்றிடமிருந்து வாங்குவதைக் கார் காற்றுக்குக் கொடுக்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

வேகத்தைத் தவிர இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, காரின் முன்முகப் பரப்பு. மற்றொன்று, காரின் வடிவம். வடிவத்துக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். காற்றுக்கு நேராகப் பிடித்த தட்டையான பலகைக்கு அந்த எண் ஒன்றுக்குச் சற்று மேல். வழவழப்பான இக்காலக் கார்களுக்கு 0.3-ஐ ஒட்டி இருக்கும். எண் குறையக் குறையத் தடையும் குறையும்.

மூடிய கூரையும் திறந்த கூரையும்

கண்ணாடி மூடியிருக்கும்போது அது கூரையோடு கூரையாகப் படிந்திருக்கிறது. காற்றுக்கு அது கண்ணாடியா தகரமா என்பது தெரியாது. ஆகவே தடையில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. இந்த அளவில் மாமா சொன்னது சரி.

ஆனால் மூடிய ஜன்னலுக்கும் ஒரு செலவு உண்டு. அதுதான் எடை. கண்ணாடி, சட்டம், மோட்டார், தண்டவாளம் எல்லாம் சேர்ந்து 25 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சக்கரங்கள் எப்போதும் சுமக்க வேண்டும். அதற்காக ஏறத்தாழ 3 நியூட்டன் விசை கூடுதலாகத் தேவைப்படுகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியைத் திறந்தால் நிலைமை மாறுகிறது. கூரையை ஒட்டி ஒழுங்காக ஓடி வந்த காற்று, திறப்பின் முன் விளிம்பில் பிடியை இழக்கிறது. பள்ளத்தைக் கண்ட ஓடைநீர்போல அது உள்ளே வளைந்து, பின் விளிம்பில் போய் மோதுகிறது. அங்கே சுழல்கள் உண்டாகின்றன. தடை சற்றுக் கூடுகிறது. இந்த அளவில் தாத்தா சொன்னதும் சரி.

திறந்த கூரையோடு சில வேகங்களில் போகும்போது காதுக்குள் ‘தொம் தொம்’ என்று அடிப்பதைச் சிலர் உணர்ந்திருப்பீர்கள். வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூ’ என்று ஒலி எழுகிறதல்லவா? அதே கதைதான் இது. கார் ஒரு பெரிய பாட்டில். கூரைத் திறப்பு அதன் வாய். இத்தகைய கூட்டின் ஒலியை விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். சிறிய பாட்டில் சீழ்க்கை போல ஒலிக்கும். காரோ பெரியதாகையால், நொடிக்கு ஏறத்தாழ இருபது முறைதான் அதிர்கிறது. அது காதால் கேட்கக்கூடிய எல்லையிலேயே இருப்பதால், ஒலியாக அல்லாமல் அடியாக உணர்கிறோம். இதைத் தடுக்கவே திறப்பின் முன் விளிம்பில் சிறு தடுப்புப் பட்டை எழும்பி நின்று காற்றை மேலே திருப்பிவிடுகிறது. பின் ஜன்னலைச் சற்றுத் திறந்தாலும் இந்த அடி நின்றுவிடும்.

இனி, எவ்வளவு?

ஒரு நடுத்தரப் பெரிய காரை எடுத்துக்கொண்டேன். எடை 1500 கிலோ; முன்முகப் பரப்பு 2.5 சதுர மீட்டர். வடிவ எண் 0.35. திறந்த கூரையால் தடை நூற்றுக்கு ஐந்து கூடுகிறது என்று வைத்துக்கொண்டேன். காருக்குக் கார் இது மாறும். கணக்கு விளங்குவதற்காக ஓர் எண்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். சாரல் காலக் கூட்டத்தில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. அந்த வேகத்தில் காற்றுத்தடை 65 நியூட்டன். ஆறரை கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசை என்று வைத்துக்கொள்ளலாம். சக்கரங்கள் உருள்வதில் ஏற்படும் தடை 176 நியூட்டன். அதாவது, இந்த மெதுவான வேகத்தில் காற்றைவிடச் சாலைதான் காரை அதிகமாகப் பிடித்து இழுக்கிறது.

65-இல் நூற்றுக்கு ஐந்து என்றால் 3 நியூட்டனும் கொஞ்சமும். மூடிய ஜன்னலின் எடைக்காக எப்போதும் தரும் 3 நியூட்டனும் இதுவும் ஏறத்தாழ ஒன்றே! இந்த 6 கிலோமீட்டருக்கு இதனால் கூடும் பெட்ரோலைக் கணக்கிட்டேன். இரண்டரை மில்லி லிட்டர்கூட ஆகவில்லை. அது ஒரு தேக்கரண்டியில் பாதி. காசாகச் சொன்னால் கால் ரூபாய்.

அதுமட்டுமன்று. காரின் ஏ.சி. இயங்க ஆயிரம் வாட்டுக்கும் மேல் திறன் வேண்டியிருக்கும். திறந்த கூரையின் கூடுதல் தடையை 40 கிலோமீட்டர் வேகத்தில் வெல்ல 36 வாட்டே போதும். ஆகையால் சாரல் காலத்தில் ஏ.சி.யை நிறுத்திவிட்டுப் பக்கத்து ஜன்னலையோ மேல் ஜன்னலையோ திறந்துகொண்டு மெதுவாகப் போகிறவர் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறார். பாராசூட் என்று பயந்த தாத்தாவுக்கு இந்தக் கணக்கைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். “சரிதாம்மா” என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டார்.

நான்குவழிச் சாலைக்கு வருவோம். மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்றுத்தடை 405 நியூட்டன். உருளும் தடையைப் போல் இரு மடங்குக்கும் மேல். சென்னையிலிருந்து இங்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இவ்வளவு தூரமும் யாராவது கூரையைத் திறந்துவைத்தே வந்தால் (அப்படி வருபவர் காது செவிடாகிவிடும்) கூடுதலாகச் செலவாவது ஒன்றரை லிட்டர் பெட்ரோல்.

இப்போது இதைக் கேளுங்கள். கூரையை இறுக மூடிக்கொண்டு, 80-இல் வரவேண்டியவர் 100-இல் வந்தால் அதே 600 கிலோமீட்டருக்குக் கூடுதலாகும் பெட்ரோல் 11 லிட்டர்! கூரைக்கு ஒன்றரை; காலுக்குப் பதினொன்று. நாம் தலைக்கு மேலே உள்ள ஓட்டையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். பெட்ரோலைக் குடிப்பதோ ஆக்ஸிலேட்டரின்மேல் இருக்கும் கால். நூறில் வருபவருக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சமாகிறது என்பது உண்மைதான். அந்த நேரத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை அவர் தெரிந்துகொண்டு கொடுக்கட்டும் என்பதே என் வாதம்.

கூரைமேல் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் கவனிக்க வேண்டும். கூரையில் வைக்கும் பெரிய சாமான் பெட்டியால் நெடுஞ்சாலையில் எரிபொருள் சிக்கனம் நூற்றுக்கு 6 முதல் 17 வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. கூரைக்குள் இருக்கும் ஓட்டையைவிடக் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பொருள்தான் காற்றுக்குப் பெரிய பகை. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நம்மூர்க் காற்றின் தனிக் கணக்கு

மேலே சொன்ன கணக்கெல்லாம் காற்று அசையாத ஊருக்கு. நம் ஊருக்கோ சாரல் காலத்தில் மேற்கிலிருந்து காற்று. மலையில் கணவாய் விட்ட இடம் ஒரு புனலின் வாய் போன்றது. அகலமாக வரும் காற்று நெருங்கி, விரைந்து, தென்காசிச் சமவெளியில் பாய்கிறது. கோபுர வாசலில் நடப்பதும் சிறிய அளவில் அதேதான்.

காருக்குச் சாலை வேகம் ஒரு பொருட்டன்று; எதிரே வரும் காற்றின் வேகத்தையும் சேர்த்துத்தான் தடை பிறக்கிறது. 40-இல் குற்றாலம் நோக்கிப் போகும் காருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால், காருக்கு அது 60-இல் ஓடுவது போல. தடை 65 அன்று, 146. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். அப்போது காருக்கு 20-இல் ஓடுவது போல. தடை 16 மட்டுமே.

“போகும்போது எடுத்ததை வரும்போது கொடுத்துவிட்டதே!” என்று தோன்றுகிறதா? கூட்டிப் பாருங்கள். 146-உம் 16-உம் சேர்ந்து 162. காற்று இல்லாத நாளில் இரண்டு முறை 65, ஆக 130. காற்று வாங்கியது அதிகம். திருப்பிக் கொடுத்தது குறைவு. போகவர நூற்றுக்கு 25 நட்டம்! எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் இலஞ்சி, மேலகரத்துத் தோழியருக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய கால்களே சொல்லும்.

இந்தக் காற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், திறந்த கூரையால் குற்றாலம் போய்வரக் கூடும் பெட்ரோல் ஒரு தேக்கரண்டியும் சொச்சமும்தான். ஆகவே பெட்ரோலுக்காகச் சன்ரூஃபைப் பழிக்க வேண்டியதில்லை என்பது என் முதல் முடிவு.

கணக்கில் வராமல் விட்ட ஒன்று

இவ்வளவும் சொல்லிவிட்டு, சொல்ல வெட்கப்படும் ஒன்றையும் சொல்ல வேண்டும்.

மாமா வந்த மறுநாளே எல்லாரும் ஐந்தருவிக்குப் புறப்பட்டோம். மேலகரம் தாண்டியதும் மாமா கூரையைத் திறந்து, மகனை நடுவில் ஏறி நிற்கச் சொன்னார். சிறுவன் மார்புவரை வெளியே நின்று, இரண்டு கைகளையும் விரித்து, சாரலை முகத்தில் வாங்கிக் கூச்சலிட்டான். எதிரே வந்த கார்களிலும் அப்படியே பிள்ளைகள் நின்றார்கள். கையசைத்துக்கொண்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் பயம். சாலையோர மரங்களின் கிளைகள் தாழ்ந்து கிடந்தன. ஆனால் பெரியவர் செய்கிறார், விருந்தாளியாக வந்திருக்கிறார், பெண்பிள்ளை நான் குறுக்கே பேசலாமா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பேசியது ஆச்சிதான். “ஏல, பிள்ளய உள்ள எறக்குல! கிளை அடிச்சிரும்” என்று சத்தம் போட்டார்கள். மாமா சிரித்தார். ஆச்சி சொல்லி வாய் மூடவில்லை. வளைவில் ஒரு புளியங்கிளை சரசரவென்று கூரையை உரசிக்கொண்டு போயிற்று. சிறுவன் குனிந்துவிட்டான். கன்னத்திலும் நெற்றியிலும் கீறல். இரத்தம் கசிந்தது. கண்ணுக்கும் கீறலுக்கும் இடையே ஒரு விரல் அகலம்கூட இல்லை.

மாமா வண்டியை ஓரங்கட்டி, மகனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. மகனை அவரைப்போல் நேசிக்கும் தந்தையை நான் பார்த்ததில்லை. அவருக்கும் எனக்கும் இல்லாமல் போனது அன்பன்று; கணக்கு. அருட்சகோதரி எழுதிக்கொடுத்த வாய்பாட்டை வைத்துப் பின்னால் நான் போட்ட கடைசிக் கணக்கு இதுதான்.

மார்புவரை வெளியே நிற்கும் ஒரு பிள்ளை ஏறத்தாழ 0.15 சதுர மீட்டர் பரப்பைக் காற்றுக்குக் காட்டுகிறான். மனித உடலின் வடிவ எண் கிட்டத்தட்ட ஒன்று. முழுக் காரின் கணக்கோடு ஒப்பிட்டால், அவன் ஒருவனால் காற்றுத்தடை நூற்றுக்கு 17 கூடுகிறது! வெறும் ஓட்டைக்கு ஐந்து என்றோம். ஓட்டையில் நிற்கும் பிள்ளைக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதே காற்றுக்குப் பெரிய பகை என்று மேலே சொன்னது இதற்காகத்தான். காற்று கொடுக்கும் எச்சரிக்கை என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். காரின் வடிவத்துக்குள் அடங்காத எதுவும் அங்கே இருக்கக்கூடாது என்று அது சொல்லுகிறது.

இன்னும் ஒரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நமக்கு மெதுவாகத் தோன்றுகிறது. அந்த வேகத்தில் ஒரு கிளையிலோ கம்பியிலோ மோதுவது, 6 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்து மோதுவதற்குச் சமம். நம் பள்ளியின் இரண்டாம் மாடி ஜன்னலில் ஒரு பிள்ளையை நிற்கவைத்துக் கையை விரிக்கச் சொல்வோமா? திடீரென்று பிரேக் போட்டாலும் இதே ஆபத்துதான். கார் நின்றுவிடும், பிள்ளையின் உடல் அதே வேகத்தில் முன்னே போகும், கூரையின் விளிம்பு மார்பில் அடிக்கும். இருக்கை வார் அவனைப் பிடிக்காது. ஏனென்றால் அவன் இருக்கையிலேயே இல்லை.

இது கற்பனைப் பயமன்று. 2025 செப்டம்பரில் பெங்களூரில் ஒரு சிறுவன் இப்படி நின்றுகொண்டு போகையில், கனரக வண்டிகள் புகாதபடி சாலைக்குக் குறுக்கே உயரத்தில் வைத்திருந்த இரும்புத் தடுப்பில் தலை மோதிக் காயமடைந்தான். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. ஓட்டுகிறவரின் கண் சாலையில் இருக்கிறது. கூரைக்கு மேலே என்ன வருகிறது என்பதை அவரால் பார்க்க முடியாது. அவர் காணும் உயரம் காரின் உயரம், பிள்ளையின் உயரமன்று.

சட்டமும் இதைச் சொல்லுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி, வண்டியின் உடலுக்கு உள்ளே அல்லாமல் வேறு விதமாக எவரையும் ஏற்றிச் செல்லக்கூடாது. 2019-இல் சேர்த்த திருத்தத்தின்படி, பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைக்கு இருக்கை வாரோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு அமைப்போ போடாமல் ஓட்டுவோருக்கு 1000 ரூபாய் அபராதம். பிள்ளையின் கண்ணுக்கு ஆயிரம் ரூபாய் விலையாகாது என்பதைப் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டுமா?

என் கருத்து

“அப்படியானால் அந்த ஜன்னலே வேண்டாமா? மகிழ்ச்சியையெல்லாம் கணக்குப் போட்டே கொன்றுவிடுகிறாயே!” என்று சிலர் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. இருக்கையில் அமர்ந்து, வாரைப் போட்டுக்கொண்டு, மூடிய கண்ணாடி வழியே மேகம் இறங்கிய மலையை அண்ணாந்து பார்ப்பது இன்பமான காட்சி. மெதுவாகப் போகும்போது கண்ணாடியைச் சற்றுத் திறந்து சாரலின் குளிர்ச்சியை உள்ளே விடலாம். அதனால் பெட்ரோலும் பெரிதாகப் போகாது. முகத்தில் சாரல் அடிக்க வேண்டுமென்றால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நில்லுங்கள். கடவுள் நம் ஊருக்குக் கூரையில்லாத பெரிய வானத்தையே கொடுத்திருக்கிறாரே! அந்த ஜன்னல் பார்ப்பதற்கு; ஏறி நிற்பதற்கன்று.

பெற்றோர்களுக்கு என் பணிவான விண்ணப்பம் ஒன்று. வண்டி வாங்கும்போது ‘எவ்வளவு மைலேஜ்?’ என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான். அதற்கு விடை பெரும்பாலும் உங்கள் காலில் இருக்கிறது. ஆனால் பிள்ளையைக் கூரையில் ஏற்றுமுன் ‘எவ்வளவு வேகம்? எவ்வளவு உயரம்?’ என்றும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

தோழியரே, உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறு. வகுப்பில் நாம் படிக்கும் வாய்பாடுகள் மதிப்பெண்ணுக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். தாத்தா ‘தடை உண்டு’ என்றார். மாமா ‘இல்லை’ என்றார். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. ‘எவ்வளவு?’ என்று கேட்ட பிறகுதான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது விளங்கிற்று. அரைத் தேக்கரண்டிப் பெட்ரோலுக்காக வீட்டில் அரை மணி நேரம் வாதாடினோம். பிள்ளையின் உயிரைப் பற்றி, படிக்காத ஆச்சி ஒருவரைத் தவிர, யாரும் வாய் திறக்கவில்லை. அறிவியல் படித்த நான் வாய் திறக்காதது என் குற்றம்.

அதன் பிறகு மறு சாரலுக்கு மாமா வந்தபோது நானே போய்க் கணக்கெழுதிய நோட்டைக் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, “போன வருஷமே சொல்லியிருக்கலாமே, தாயி” என்றார். அந்த ஒரு வார்த்தை போதும். மரியாதையோடு சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள். கணக்கோடு சொன்னால் இன்னும் நன்றாகக் கேட்பார்கள்.

ஆகவே, அடுத்த சாரலில் உங்கள் வீட்டுக் காரிலோ விருந்தினர் காரிலோ ஒரு பிள்ளை கூரை வழியே எழுந்து நின்றால், பெண்பிள்ளை நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். “மாமா, வண்டியை நிறுத்துங்கள், தம்பி உட்காரட்டும்” என்று சொல்லுங்கள். நான் அன்று சொல்லாமல் விட்ட சொல் அதுதான்.